விண்ணில் இட்ட மூலதனம்: செயற்கைக்கோள் தொலைபேசித் தொழிலின் வரவும் செலவும்

செகந்திராபாத் இரயில் நிலையத்தின் வாயிலில் நிற்கும் ஒருவர், தமது சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து, நாட்டின் எந்த மூலையில் உள்ளவருடனும் மிகக் குறைந்த செலவில் பேசிவிட இயலும். அந்நகரின் கூரைகள்தோறும் கோபுரங்கள் நிற்கின்றன. அவருக்குச் செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்று தேவையில்லை.

அங்கிருந்து தென்கிழக்கே, கிருஷ்ணையாறு கடலோடு கலக்கும் திவிசீமையை எண்ணிப் பார்ப்போம். 1977 நவம்பர் 19ஆம் நாள் வீசிய புயலும் அதனோடு எழுந்த கடற்பெருக்கும் அப்பகுதியில் ஏறத்தாழ 10,000 உயிர்களைப் பலி கொண்டன. கம்பிகளும் கம்பங்களும் வீழ்ந்தபின், அழிவின் அளவை வெளியுலகம் அறிவதே கடினமாயிற்று. சரியாக 40 ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, குமரி மாவட்டத்து மீனவர் பலர் கோபுரங்களுக்கு எட்டாத ஆழ்கடலில் இருந்தனர். கரையிலிருந்து எச்சரிக்கை அனுப்பவும் வழியில்லை. கடலிலிருந்து உதவி கேட்கவும் வழியில்லை.

ஆகவே, விண் வழியே பேசும் கருவிக்குத் தேவை உண்டா என்பதில் ஐயமில்லை. ஆனால் பொருளாதார மாணவர் நன்கறிந்த வேறுபாடு ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. தேவை வேறு, விலை கொடுத்து வாங்கும் ஆற்றலுடன் கூடிய தேவையாகிய கிராக்கி வேறு. செயற்கைக்கோள் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் முதலீடு செய்யலாமா என்ற வினாவின் உயிர்நாடி இவ்வேறுபாட்டில்தான் உள்ளது. இவ்வினா தனிச் செல்வந்தரை மட்டும் பொறுத்ததன்று. நம் நாட்டுப் பொது மக்களின் சேமிப்பும் ஒருமுறை இத்தொழிலில் இடப்பட்டு, இழக்கப்பட்டது.

தொழிலின் இயல்பு

செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதற்கு இரு முறைகள் உள்ளன. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தப்படும் செயற்கைக்கோள், பூமியுடன் இணைந்து சுழல்வதால், நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். இத்தகைய சிலவற்றைக் கொண்டே, துருவப் பகுதிகள் நீங்கலாக உலகின் பெரும்பகுதிக்குச் சேவை அளிக்கலாம். 1979இல் கப்பல்களுக்காக நிறுவப்பட்ட இன்மார்சாட் அமைப்பு இம்முறையைச் சார்ந்தது. ஆனால் தொலைவு மிகுதியாதலால் குரல் போய்ச் சேர ஏறத்தாழ கால் வினாடி தாமதமாகும். வலிமை மிக்க கருவியும் வேண்டும்.

மற்றொரு முறை, சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் பல செயற்கைக்கோள்களைச் சுற்றி வரச் செய்வது. தாமதம் குறையும்; கருவியும் சிறிதாகும். ஆனால் தாழ்வாகப் பறக்கும் ஒரு செயற்கைக்கோள் சில நிமிடங்களுக்குள் நம் தலைக்கு மேலிருந்து மறைந்துவிடும். அது மறையுமுன் மற்றொன்று வந்தாக வேண்டும். எனவே உலகம் முழுவதற்கும் இடைவிடாத சேவை அளிக்கப் பல பத்துச் செயற்கைக்கோள்கள் வேண்டும்.

இந்த இரண்டாம் முறையின் பொருளாதாரக் கூறுகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, மூலதனத்தைப் பகுத்து இட இயலாது. நெசவாலை ஒன்றை நூறு தறிகளுடன் தொடங்கி, விற்பனை பெருகப் பெருகத் தறிகளைக் கூட்டலாம். தரைக் கோபுரங்களையும் நகர் நகராக நிறுவலாம். ஒரு நகரின் வருவாய் அடுத்த நகரின் கோபுரத்துக்கு உதவும். செயற்கைக்கோள் தொகுதியிலோ, முழு வலையும் நிறைவு பெறும் வரை முதல் ரூபாய் வருவாய்கூட இராது.

இரண்டாவது, இச்சொத்தைப் பழுது பார்க்கவோ, இடம் மாற்றவோ, வேறு தொழிலுக்கு விற்கவோ இயலாது. அதன் ஆயுளும் குறுகியது. மூன்றாவது, உலகப் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் கடல். ஆகவே சுற்றி வரும் செயற்கைக்கோள் தன் காலத்தின் பெரும்பகுதியை வாடிக்கையாளர் அரிதாக உள்ள இடங்களின் மேல் கழிக்கிறது. பம்பாயில் கிராக்கி மிகுந்தால், பசிபிக் கடலின் மேலுள்ள திறனை அங்கே திருப்பிவிட முடியாது. நான்காவது, வலை அமைந்துவிட்டபின் கூடுதலாக ஒருவரைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இந்த நான்காவது கூறே முதலீட்டாளரை ஈர்க்கிறது. முதல் மூன்றும் அவரை வீழ்த்துகின்றன.

இரிடியம் தந்த பாடம்

இவற்றுக்கு விளக்கமாக அமைந்தது இரிடியம் நிறுவனத்தின் வரலாறு. அமெரிக்காவின் மோட்டரோலா கம்பெனியின் பொறியாளர்கள் 1987இல் இத்திட்டத்தை உருவாக்கினர். தொடக்கத்தில் 77 செயற்கைக்கோள்கள் தேவை எனக் கணக்கிடப்பட்டது. அணு எண் 77 கொண்ட தனிமத்தின் பெயரே திட்டத்துக்குச் சூட்டப்பட்டது. பின்னர் அவ்வெண்ணிக்கை 66 ஆகக் குறைந்தது. 780 கிலோமீட்டர் உயரத்தில், 6 பாதைகளில், பாதைக்கு 11 வீதம் அவை அமைந்தன. ஒரு செயற்கைக்கோள் அடுத்த செயற்கைக்கோளுக்கு நேரடியாகச் செய்தியைக் கடத்தும் ஏற்பாடு, பொறியியல் துறையில் ஒரு சாதனையே ஆகும். 1997 மே மாதம் ஏவுதல் தொடங்கி, ஏறத்தாழ ஓராண்டில் தொகுதி நிறைவெய்தியது. 1998 நவம்பர் 1ஆம் நாள் வணிகச் சேவை தொடங்கியது.

மொத்தச் செலவு ஏறத்தாழ 500 கோடி டாலர். கருவியின் விலை ஏறத்தாழ 3,000 டாலர். பேசுவதற்கு நிமிடத்துக்குப் பல டாலர் கட்டணம். செங்கல்லை நினைவூட்டும் அக்கருவி கட்டடத்துக்குள் சரிவர இயங்கவில்லை. வானம் தெரியும் இடத்துக்கு வந்து பேச வேண்டியிருந்தது. கடன் கொடுத்த வங்கிகள் 1999 மார்ச் இறுதிக்குள் 27,000 சந்தாதாரர் சேர வேண்டுமென நிபந்தனை விதித்திருந்தன. சேர்ந்தவர்களோ ஏறத்தாழ 10,000 பேர். 1999 ஆகஸ்ட் 13ஆம் நாள், சேவை தொடங்கி ஓராண்டும் நிரம்புமுன், நிறுவனம் திவால் பாதுகாப்பை நாடியது. அப்போது சந்தாதாரர் எண்ணிக்கை ஏறத்தாழ 20,000.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 500 கோடி டாலர் மூலதனத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றும், செயற்கைக்கோள்களின் ஆயுள் 7 ஆண்டுகள் என்றும் உதாரணமாகக் கொள்வோம். வட்டி 50 கோடி டாலர், தேய்மானம் ஏறத்தாழ 71 கோடி டாலர், ஆக ஆண்டுச் சுமை 121 கோடி டாலர். சந்தாதாரர் 5 இலட்சம் பேர் இருப்பின், தலைக்கு மாதம் ஏறத்தாழ 200 டாலர் வீதம் இச்சுமையை ஈடு செய்யலாம். 20,000 பேரே இருப்பின் தலைக்கு மாதம் ஏறத்தாழ 5,000 டாலர் ஆகும். ஊழியர் சம்பளம், தரைநிலையச் செலவு முதலியன இதில் சேரவில்லை.

கணிப்பு தவறியது எங்கே?

திட்டத்தை வகுத்தவர்கள் கணக்கறியாதவர்கள் அல்லர். 1987இல் கைத்தொலைபேசி என்பது சில நகரங்களுக்கே உரிய அரும்பொருள். நாடு விட்டு நாடு செல்லும் வணிகர்களுக்கு உலகெங்கும் இயங்கும் ஒரே கருவி பெரிதும் பயன்படும் எனக் கருதியதில் தவறில்லை. ஆனால் எண்ணம் தோன்றியதற்கும் சேவை தொடங்கியதற்கும் இடையே 11 ஆண்டுகள் கடந்தன. அதற்குள் தரைவழிக் கைத்தொலைபேசி உலகின் பெருநகரங்களை எல்லாம் எட்டிவிட்டது.

நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு முதல் கைத்தொலைபேசி உரையாடல் நிகழ்ந்தது. 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிறுவனங்களின் மீதிருந்த நிலையான உரிமக் கட்டணச் சுமையை வருவாய்ப் பங்காக மாற்றியது. அதன்பின் கட்டணம் சரிந்து, கோபுரங்கள் சிற்றூர்கள் வரை பரவின. கைத்தொலைபேசி இணைப்புகள் பின்னர் 100 கோடியைக் கடந்தன.

இதன் விளைவை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பணம் உள்ளவர் வாழும் இடங்களுக்குக் கோபுரம் வந்தது. கோபுரம் வராத இடங்களில் பணம் இல்லை. செயற்கைக்கோள் உலகின் மேல் சமமாக ஒளி வீசுகிறது. வாங்கும் சக்தி அவ்வாறு சமமாகப் பரவியிருக்கவில்லை. திவிசீமையின் உழவருக்கும் தூத்தூர்க் கடற்கரை மீனவருக்கும் அக்கருவி இன்றியமையாதது. ஆயினும் 3,000 டாலர் கொடுத்து வாங்குவது அவர்களால் ஆகாது.

மேலும், உலகச் சந்தை என்ற சொல்லிலும் ஓர் ஏமாற்றம் மறைந்திருந்தது. அலைவரிசையும் தரைநிலையமும் ஒவ்வொரு நாட்டு அரசின் அனுமதிக்கு உட்பட்டவை. நாட்டின் பாதுகாப்பைக் கருதி நம் அரசு இக்கருவிகளைக் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வைத்துள்ளது. உரிய அனுமதியின்றி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றமாகும். விண்ணில் எல்லைக்கோடு இல்லை. ஆனால் வருவாய் திரட்டப்படும் நிலத்தில் உண்டு.

நம் நாட்டின் பணம்

இரிடியம் திட்டத்தில் இந்தியாவுக்கும் பங்கு இருந்தது. ஐ.டி.பி.ஐ., பாரத ஸ்டேட் வங்கி, ஆயுள் காப்பீட்டுக் கழகம், யூனிட் டிரஸ்ட் முதலிய நிதி நிறுவனங்களின் ஆதரவுடன் இரிடியம் இந்தியா டெலிகாம் என்ற கம்பெனி அமைக்கப்பட்டது. அது ஏறத்தாழ 7 கோடி டாலரைத் தாய்த் திட்டத்தில் பங்கு மூலதனமாக இட்டது. தெற்காசியப் பகுதிக்கான தரைநிலையமும் புனே அருகே நிறுவப்பட்டது. அரசுத் துறை நிறுவனமாக இருந்த விதேஷ் சஞ்சார் நிகம், இத்தகைய மற்றொரு திட்டமாகிய ஐ.சி.ஓ.வில் பங்கு கொண்டிருந்தது. அதுவும் 1999 ஆகஸ்டிலேயே திவாலாயிற்று. குளோபல்ஸ்டார் என்ற மூன்றாவது நிறுவனம் 2002இல் அதே நிலையை அடைந்தது. மூன்று நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே முறையில் வீழ்ந்தமையால், இதனை ஒரு நிர்வாகத்தின் குறை என ஒதுக்கிவிட இயலாது.

இரிடியம் இந்தியா கம்பெனி, திட்ட அறிக்கையில் உண்மைகள் மறைக்கப்பட்டன எனக் கூறி, மோட்டரோலாவின் மீது 2001இல் புனே நீதிமன்றத்தில் குற்றப் புகார் தாக்கல் செய்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2003இல் அவ்வழக்கை ரத்துச் செய்தது. 2010 அக்டோபர் 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றி, வழக்கு மேற்செல்ல வழி வகுத்தது. புகார் உண்மை என அத்தீர்ப்பு கூறவில்லை. குற்ற மனம் தேவைப்படும் மோசடி போன்ற குற்றங்களுக்காக ஒரு கம்பெனியின் மீதும் வழக்குத் தொடரலாம் என்பதே அதில் நிலைநாட்டப்பட்ட கொள்கை. சட்ட மாணவர்கள் இத்தீர்ப்பை இன்றும் பயில்கின்றனர். ஆனால் பொருளாதார மாணவர் காண வேண்டியது வேறு. இழப்பு நேர்ந்தபின் நீதிமன்றத்தில் எழுப்பப்படும் வினாக்களை, பணம் இடுமுன் மதிப்பீட்டுக் குழுவின் மேசையில் எழுப்பியிருக்க வேண்டும். இடப்பட்டது பாலிசிதாரரின் தவணைத் தொகை; யூனிட் வாங்கிய ஓய்வூதியரின் சேமிப்பு. அவர்கள் எவரும் விண்வெளிக்குப் பணம் அனுப்புவதாக எண்ணியிருக்கமாட்டார்கள்.

இரண்டாம் உரிமையாளரின் இலாபம்

இக்கதை இத்துடன் முடிந்திருந்தால், இத்தொழிலே வீண் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் செயற்கைக்கோள்களைக் கீழே இறக்கி எரித்துவிடும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த வேளையில், 2000 டிசம்பரில் ஒரு புதிய குழு, 500 கோடி டாலர் செலவில் அமைந்த முழுச் சொத்தையும் ஏறத்தாழ 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 20,000 அரசுப் பயனாளருக்காக இரண்டு ஆண்டுகளுக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அதாவது, ஒரே வாடிக்கையாளரிடமிருந்து ஆண்டுக்குக் கிடைத்த தொகை, சொத்து முழுவதற்கும் கொடுத்த விலையை விஞ்சியது.

முன்னர்ச் செய்த கணக்கை இங்கே மீண்டும் செய்து பார்க்கலாம். 2.5 கோடி டாலருக்கு அதே 10 சதவீத வட்டியும் 7 ஆண்டுத் தேய்மானமும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 61 இலட்சம் டாலர். 20,000 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு மாதம் ஏறத்தாழ 25 டாலர். முன்பு 5,000 டாலர்! செயற்கைக்கோளும் அதே; கருவியும் அதே; வாடிக்கையாளர் எண்ணிக்கையும் அதே. மாறியது மூலதனத்தின் விலை ஒன்றே. முதல் உரிமையாளரின் இழப்பே இரண்டாம் உரிமையாளரின் இலாபத்துக்கு அடித்தளமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல இருப்புப்பாதைக் கம்பெனிகளில் இதுவே நிகழ்ந்தது.

எனினும் மலிவாகக் கிடைத்த சொத்தும் ஒரு நாள் தேய்ந்துவிடும். 2017 முதல் 2019 வரை இரிடியம் தன் தொகுதியை முற்றிலும் புதுப்பித்தது. ஏறத்தாழ 300 கோடி டாலர் செலவான இப்பணிக்கு வேண்டிய கடனில் பெரும்பகுதிக்குப் பிரெஞ்சு ஏற்றுமதிக் கடன் நிறுவனம் உத்தரவாதம் அளித்தது. இன்று அந்நிறுவனத்துக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாக்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மனிதர் பேசும் தொலைபேசிகள் அல்ல. கப்பல், விமானம், சுரங்கம் முதலியவற்றில் பொருத்தப்பட்டுச் சிறு செய்திகளை அனுப்பும் கருவிகள். முதல் திட்டத்தில் முதன்மையாக எண்ணிப் பார்த்திராத வாடிக்கையாளரே நிறுவனத்தை நிலைநிறுத்துகின்றனர்.

அண்மைக் காலத்திலும் இதே வரிசை தொடர்கிறது. இணையச் சேவைக்காகத் தொடங்கப்பட்ட ஒன்வெப் நிறுவனம் 2020 மார்ச்சில் திவாலாயிற்று. பிரிட்டிஷ் அரசும் இந்தியாவின் பாரதி குழுமமும் ஆளுக்கு 50 கோடி டாலர் இட்டு அதை மீட்டன. அதன் செயற்கைக்கோள்களில் 72, 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது ஏவுகணைகளில் சென்றன. நம் நாட்டவர் இம்முறை இரண்டாம் உரிமையாளராக நுழைந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

சமூகப் பயனுக்கு விலை கொடுப்பவர் யார்?

மீண்டும் செகந்திராபாத்துக்கு வருவோம். விண்ணிலிருந்து பெறும் படங்களைக் கொண்டு காடு, பயிர், நீர்வளம் ஆகியவற்றை அளவிடும் தேசியத் தொலையுணர்வு நிறுவனம் 1970களில் இந்நகரிலேதான் செயற்படத் தொடங்கியது. அப்படங்களை உழவர் தனித்தனியே விலை கொடுத்து வாங்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பயன் பலருக்கும் பரவியிருந்தமையால், அரசுத் துறைகள் அவர்கள் சார்பில் வாடிக்கையாளராக நின்றன. 1975-76இல் ஆந்திரப் பிரதேசம் உள்ளிட்ட 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழிக் கல்வி ஒளிபரப்பு நடத்தப்பட்டபோதும் அதே கொள்கையே பின்பற்றப்பட்டது.

ஆபத்துக் காலத் தொலைத்தொடர்பும் இத்தகையதே. மீனவர் ஒருவர் உயிர் தப்புவதன் பயன், அவர் கட்டும் மாதச் சந்தாவில் அடங்குவதன்று. 2017இல் பாரத் சஞ்சார் நிகம் இன்மார்சாட் வழியே செயற்கைக்கோள் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில், 1 இலட்சம் மீன்பிடிப் படகுகளில் இஸ்ரோ வடிவமைத்த செய்திக் கருவிகளை இலவசமாகப் பொருத்தும் திட்டம் ரூ.364 கோடி மதிப்பீட்டில் தொடங்கப்பட்டது. படகுக்கு ஏறத்தாழ ரூ.36,400. இதில் குரல் இல்லை. இரு வழியிலும் சிறு செய்தி செல்லும். புயல் வருகிறது, திரும்பி வருக என்று சொல்லவும், நாங்கள் ஆபத்தில் இருக்கிறோம் என்று தெரிவிக்கவும் அது போதுமானது. தேவையை அளந்து, அதற்கேற்ற அளவில் செலவிடுவதன் நன்மையை இத்திட்டம் காட்டுகிறது.

முதலீட்டுக்கு முன் எழுப்ப வேண்டிய வினாக்கள்

செயற்கைக்கோள் சேவைக்கான திட்டங்கள் மீண்டும் நம் முன் வருகின்றன. 2025இல் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கும் நம் நாட்டில் உரிமம் வழங்கப்பட்டது. இத்தகைய திட்ட அறிக்கை ஒன்றை ஆராயும் அலுவலர் ஐந்து வினாக்களை எழுப்பலாம்.

ஒன்று: சேவை தொடங்கும் நாளில் தரைக் கோபுரங்கள் எதுவரை எட்டியிருக்கும்? இன்றைய நிலப்படத்தைக் கொண்டு அன்றைய சந்தையைக் கணிக்கலாகாது.

இரண்டு: எதிர்பார்க்கும் சந்தாதாரரில் பாதிப் பேரே சேர்ந்தால், கடன் தவணையைக் கட்ட இயலுமா?

மூன்று: தொகுதி நிறைவுறுமுன்பே நீண்டகால ஒப்பந்தம் செய்ய முன்வரும் பெரிய வாடிக்கையாளர் எவரேனும் உளரா? இல்லையெனில் அது முதலீடன்று, பந்தயம்.

நான்கு: செயற்கைக்கோள்களின் ஆயுள் முடியும்போது அவற்றைப் புதுப்பிக்க வேண்டிய தொகை, ஆண்டு வருவாயிலிருந்து ஒதுக்கப்படுகிறதா? அவ்வாறு ஒதுக்காமல் காட்டப்படும் இலாபம் உண்மையில் மூலதனத்தைத் தின்பதேயாகும்.

ஐந்து: இழப்பு நேரின் அது யாருடைய பணம்? தன் துணிவை நம்பி இறங்கும் தொழிலதிபரின் பணமா, அன்றி முதுமைக்கெனச் சேமித்தவரின் பணமா?

கடைசி வினாவுக்குரிய விடையைப் பொறுத்து முதல் நான்கின் கண்டிப்பும் கூட வேண்டும். தனியார் தம் பொறுப்பில் துணிந்து இறங்குவதைத் தடுக்க வேண்டியதில்லை. அத்துணிவு இல்லையேல் அந்த 66 செயற்கைக்கோள்கள் விண்ணை எட்டியிரா. ஆனால் பொதுச் சேமிப்பின் காவலராக உள்ள நிறுவனங்கள், தொகுதியின் உரிமையாளராவதைவிட அதன் சேவையை அளந்து வாங்கும் வாடிக்கையாளராக இருப்பதே பெரும்பாலும் நலம். ஆழ்கடலில் உள்ள மீனவருக்கு வேண்டியது, புயல் வருமுன் வந்து சேரும் ஒரு செய்தி. அச்செய்திக்குரிய விலையைச் சமுதாயம் தயங்காமல் கொடுக்கலாம். 500 கோடி டாலர் கனவுக்குரிய விலையை ஓய்வூதியரின் சேமிப்பிலிருந்து கொடுக்கலாகாது.